நாட்டுக்கு ஆடப்போய் காயம்: கிளப்புக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி: நான் இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான ஆர்சனலின் ரசிகன். நிஜ வீரர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் ஆடுவதை வைத்துப் புள்ளி சேர்க்கும் ஃபேன்டசி லீக்கிலும் ஒரு அணி வைத்திருக்கிறேன். நாடுகளின் ஆட்டங்களுக்காகக் கிளப் ஆட்டங்களை நிறுத்திவைக்கும் ஒவ்வொரு சர்வதேச இடைவேளை முடிந்ததும் யாராவது ஒருவர் நொண்டிக்கொண்டுதான் திரும்புகிறார். சம்பளம் கொடுப்பது கிளப், ஆட வைப்பது நாடு. 'அனுப்ப முடியாது' என்று கிளப் மறுக்கக் கூடாதா? நஷ்டஈடு ஏதாவது உண்டா? 'மூன்று வாரத்தில் வந்துவிடுவார்' என்று செய்தி வந்தால் அதை நம்பி அவரை அணியில் வைத்திருக்கலாமா?
— வாசகர், கோவை

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஆர்சனல் ரசிகரான உங்களுக்கு அதற்கான உதாரணம் நன்றாகவே தெரியும். 2024 செப்டம்பர் 9, ஓஸ்லோ. ஆஸ்திரியாவுக்கு எதிராக நார்வே ஆடிய ஆட்டத்தில் கேப்டனும் ஆர்சனல் வீரருமான மார்ட்டின் ஒடேகார்டின் கணுக்கால் மடங்கியது. இப்படிப்பட்ட காயம் ஆற குறைந்தது மூன்று வாரமாவது ஆகும் என்று நார்வே அணி மருத்துவர் சொன்னார். ஒடேகார்ட் மறுபடி களத்தில் இறங்கியது நவம்பர் 6 அன்று, அதுவும் இன்டர் மிலானுக்கு எதிராக மாற்று வீரராகக் கடைசிச் சில நிமிடங்களுக்கு. மூன்று வாரம் எட்டு வாரமாகிவிட்டது. அவர் இல்லாத அந்த நாட்களில் ஆர்சனல் போர்ன்மவுத்திடமும் நியூகாசிலிடமும் தோற்றது. மான்செஸ்டர் சிட்டியுடனும் லிவர்பூலுடனும் டிரா செய்தது. சிவப்பு அட்டைகளும் சேர்ந்து படுத்தின என்பது உண்மைதான். ஆனாலும் பந்தை வாங்கித் திரும்பி, எதிரணிக் கோட்டைப் பிளந்து பாஸ் போட ஆளில்லை என்பது ஒவ்வொரு ஆட்டத்திலும் தெரிந்தது.

மருத்துவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது கீழ் எல்லை. ரசிகர்கள் அதையே தேதியாக எடுத்துக்கொண்டார்கள். கணுக்கால் லிகமென்ட், அதாவது எலும்புகளைப் பிணைக்கும் நார், கிழிந்தால் முதல் சில நாட்கள் வீக்கம்தான் கண்ணில் படும், உள்ளே எவ்வளவு சேதம் என்பது அது வடிந்த பிறகே சரியாகப் புரியும். நேராக ஓடுவது சீக்கிரம் வந்துவிடும். சட்டென்று நின்று, அதே காலை ஊன்றி உடம்பைத் திருப்புவதுதான் கடைசியாக வரும். ஒடேகார்டின் ஆட்டம் முழுக்க அந்தத் திருப்பத்தில்தான் இருக்கிறது. ஒரே காயத்துக்கு நடுத் தடுப்பாளரான சென்டர் பேக் ஒருவர் சீக்கிரம் திரும்பலாம், ஆட்டத்தைக் கட்டமைக்கும் பிளேமேக்கர் தாமதமாகலாம். நீங்கள் வார எண்ணிக்கையைப் பார்ப்பதைவிட, அந்த வீரர் எந்தக் காலை நம்பி ஆடுகிறார் என்று பார்த்தால் கணிப்பு சரியாக வரும்.

இனி மறுப்பு. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் காலண்டரில் குறித்திருக்கும் நாட்களில் நாடு அழைத்தால் கிளப் வீரரை விட்டே ஆகவேண்டும். காயம் என்று காரணம் சொன்னால், தன் மருத்துவரிடம் காட்டும்படி வீரரின் தேசியச் சங்கம் கேட்கலாம். வீரர் போகாமலிருந்தால் அந்த இடைவேளை முடிந்து மேலும் 5 நாட்களுக்கு அவரைக் கிளப் ஆட வைக்க முடியாது. அதனால்தான் சும்மா 'லேசான வலி' என்று சொல்லி ஆளைப் பிடித்து வைப்பது கிளப்புக்கே ஆபத்து. காலண்டருக்கு வெளியே நடக்கும் போட்டி என்றால் கதை வேறு, வீரரை விடும் கட்டாயம் கிளப்புக்கு இல்லை. 2023இல் ஹாங்சோ ஆசியப் போட்டிக்கு நம் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கிளப்புகள் முக்கிய வீரர்களை விட மறுத்ததும், இந்திய அணி இருப்பவர்களைத் திரட்டிக்கொண்டு போனதும் இந்த விதியால்தான்.

நஷ்டஈடு உண்டு. ஆனால் அது சண்டை போட்டு வந்தது. 2004 நவம்பரில் புர்கினா ஃபாசோவுடன் மொராக்கோ ஆடிய ஒரு நட்பு ஆட்டத்தில் அப்தெல்மஜீத் உல்மர்ஸ் என்ற வீரர் காயமடைந்தார். அவர் கிளப் பெல்ஜியத்தின் ஷார்ல்ருவா. பல மாதம் ஆட முடியாத வீரருக்குச் சம்பளம் கொடுத்து ஓய்ந்த அந்தச் சிறிய கிளப், ஃபிஃபா மீதே வழக்குப் போட்டது. ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் பின்னால் நின்றன. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2008இல் சமரசம் ஆகி வழக்கு வாபஸ். அதற்கு நடுவில், 2006 உலகக் கோப்பையில் ஸ்வீடனுக்கு எதிராக முதல் நிமிடத்திலேயே முழங்கால் லிகமென்ட் அறுந்து மைக்கேல் ஓவன் தவழ்ந்து வெளியேறியதையும், அவருக்காக நியூகாசில் இழப்பீடு கேட்டுப் போராடியதையும் நினைத்துப் பாருங்கள்.

இன்று நடைமுறையில் இருப்பது 2012இல் ஃபிஃபா தொடங்கிய கிளப் பாதுகாப்புத் திட்டம். தேசிய சீனியர் அணிக்கு ஆடும்போது காயமடைந்தால் வீரரின் சம்பளத்தை ஃபிஃபா கிளப்புக்குத் தருகிறது. உச்சவரம்பு ஒரு நாளைக்கு 20,548 யூரோ, ஒரு காயத்துக்கு மொத்தம் 75 லட்சம் யூரோ, அதிகபட்சம் ஓராண்டு. 2023 நவம்பர் 19 அன்று வல்லாடோலிடில் ஜார்ஜியாவுக்கு எதிராக ஸ்பெயின் ஆடியபோது பார்சிலோனாவின் கவிக்கு முழங்காலின் ஏசிஎல் என்ற லிகமென்ட் அறுந்தது. ஸ்பெயின் அதற்கு முன்பே யூரோ 2024க்குத் தகுதி பெற்றிருந்தது. சற்று முன்னர்தான் அடிபட்டு சிகிச்சை பெற்று எழுந்தவர், நெஞ்சில் பந்தை அடக்கி இறங்கியபோது காலைத் தவறாக ஊன்றினார். திரும்பி வர 11 மாதம். இப்படி நீண்ட காயத்துக்கு இந்தத் திட்டம் நன்றாகவே உதவுகிறது. அதற்கு ஒரு மாதம் முன்பு உருகுவேயில் பிரேசிலுக்கு ஆடி இதேபோல் முழங்காலை இழந்த நெய்மரின் விஷயத்தில், அவருடைய சவூதி கிளப் அல் ஹிலால் கொடுத்த சம்பளத்துக்கு முன் இந்த உச்சவரம்பு வெறும் துளி.

ஓட்டை இருப்பது வேறு இடத்தில். முதல் 28 நாட்களுக்கு ஒரு காசும் வராது. தொடையின் பின்தசை, அதாவது ஹாம்ஸ்ட்ரிங், லேசாகக் கிழிந்தால் பெரும்பாலும் அந்த 28 நாட்களுக்குள்ளேயே ஆறிவிடும். ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா அங்குள்ள பெரிய கிளப்புகளில் தொடர்ந்து நடத்திவரும் ஆய்வில், 2001-02இல் மொத்தக் காயங்களில் 12 சதவீதமாக இருந்த ஹாம்ஸ்ட்ரிங் காயம் 2021-22இல் 24 சதவீதமானது. பெருகிக்கொண்டே போகும் காயம், இழப்பீடே கிடைக்காத காயமாகவும் இருக்கிறது! மூன்று வாரம் என்றால் கிளப்புக்கு நான்கைந்து ஆட்டம். அந்த 28 நாளைப் பாதியாகக் குறைப்பதே நியாயம் என்பது என் கருத்து.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் இரண்டு மருத்துவக் குழுக்களுக்கு நடுவே இருக்கிறது. 2010 ஜூனில் ஹங்கேரிக்கு எதிரான பயிற்சி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், நெதர்லாந்து 6-1 என்று முன்னிலையில் இருக்கும்போது, ஆர்யன் ராபன் குதிகாலால் ஒரு பாஸ் தட்டிவிட்டுத் தொடையைப் பிடித்துக்கொண்டார். தீவிர சிகிச்சை எடுத்து உலகக் கோப்பைக்குப் போய் இறுதி ஆட்டம் வரை ஆடினார். ஊர் திரும்பியதும் பேயர்ன் மியூனிக் ஸ்கேன் எடுத்தது: தசையில் பெரிய கிழிசல். அவர் மறுபடி ஆடியது 2011 ஜனவரியில். அந்த சீசனில் பேயர்ன் மூன்றாம் இடம். கோபம் தணிய 2012 மே மாதம் நெதர்லாந்து மியூனிக் வந்து பேயர்னுடன் ஒரு நட்பு ஆட்டம் ஆடிக் கொடுத்தது.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2025 செப்டம்பரில் லமீன் யமால் வலிநிவாரணி எடுத்துக்கொண்டு ஸ்பெயினுக்கு ஆடினார் என்று பார்சிலோனா பயிற்சியாளர் ஹான்ஸி ஃபிளிக் வெளிப்படையாகவே வெடித்தார். ஃபிளிக் முன்பு ஜெர்மனி தேசிய அணியை நடத்தியவர், அந்த நாற்காலியின் நெருக்கடியும் அவருக்குத் தெரியும். கிளப் பிசியோ வாரம் முழுக்கக் கணக்குப் பார்த்து ஏற்றி இறக்கும் பயிற்சிச் சுமை, தேசிய முகாமில் போய்ச் சேர்ந்த அன்றே மாறிவிடுகிறது. இரண்டு பக்கத்து மருத்துவர்களும் தினமும் போனில் பேசிக்கொள்ளும் வீரர்கள் பெரும்பாலும் தப்பிக்கிறார்கள். இதை எந்த விதியாலும் கட்டாயமாக்கி விட முடியாது. ஆனால் காயத்தைக் குறைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

இப்போது உங்கள் ஃபேன்டசி அணிக்கு வருவோம். இடைவேளையின் இரண்டாவது ஆட்டம் முடியும் முன் யாரையும் வாங்காதீர்கள். தென் அமெரிக்க வீரர்கள் செவ்வாய் இரவு ஆடி, கடல் தாண்டிப் பறந்து, வியாழன்தான் கிளப்பில் கால் வைப்பார்கள். சனிக்கிழமை மதிய ஆட்டத்தில் அவர்களைக் கேப்டன் ஆக்குவது வேண்டாத துணிச்சல். முதல் ஆட்டத்துக்குப் பின் ஒருவர் முகாமை விட்டுத் திரும்பினால் பதற வேண்டாம், பல நேரம் அது முன்னெச்சரிக்கை. முகாமிலேயே இருந்தும் இரண்டாவது ஆட்டத்தில் பெஞ்சைவிட்டு எழவே இல்லை என்றால் கவனியுங்கள். கிளப் தன் ஸ்கேனை எடுத்த பிறகு, ஆட்டத்துக்கு முந்தைய நாள் பயிற்சியாளர் நிருபர்களிடம் சொல்வதுதான் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி. தசைக் காயத்திலிருந்து வருபவர் முதல் ஆட்டத்தில் முக்கால் மணி நேரம் ஆடி வலியில்லாமல் வெளியேறட்டும், அடுத்த வாரம் வாங்குங்கள்.

2026 முதல் செப்டம்பர், அக்டோபர் இடைவேளைகளை ஒன்றாக்கி 16 நாளில் நான்கு ஆட்டம் வைக்கிறது ஃபிஃபா. ஒரு விமானப் பயணம் குறையும். ஆனால் நான்கு நாளுக்கு ஒன்றாக நான்கு ஆட்டமும் முழுதாக ஆடிய வீரர் அடுத்த சனிக்கிழமை உங்கள் அணியில் இருந்தால், அவருக்கு அந்த வாரம் பெஞ்சில் இடம் கொடுங்கள்.