மேஜையில் கடிதங்கள், தரையில் மேலங்கி

கேள்வி: உள்நாட்டுப் போரில் தோற்று ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் காவலில் இருந்த இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ், தப்பி ஓடும்போது கடிதங்களை ஏன் விட்டுச் சென்றார்?

பதில்: அவர் ஓடியது 1647 நவம்பர் 11, வியாழக்கிழமை. திங்களும் வியாழனும் அவர் கதவைச் சாத்திக்கொண்டு வெளிநாட்டுக் கடிதங்கள் எழுதும் நாட்கள். மாலை ஐந்து, ஆறு மணிவாக்கில் பிரார்த்தனைக்கு வெளியே வருவார். அன்று வரவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறார் என்றே காவல் அதிகாரி கர்னல் வாலி காத்திருந்தார். கடைசியில் தோட்டத்தைச் சுற்றிப் பின்படிக்கட்டு வழியாகப் போய்ப் பார்த்தால், தரை நடுவே மன்னரின் மேலங்கி கிடக்கிறது!

மேஜையில் கிடந்தவற்றில் இரண்டு முக்கியம். நாடாளுமன்றத்துக்கு எழுதியது, ஊரறியப் படிக்கவேண்டிய கடிதம்: சுதந்திரமாக, கௌரவமாக, பாதுகாப்பாகப் பேச அனுமதித்தால் உடனே மறைவிலிருந்து வெளிவருவேன் என்றது. ஓடிப்போனவன் என்ற பழி வராமல் பார்த்துக்கொள்ளும் சாமர்த்தியம் அதில் தெரிகிறது. வாலிக்கு எழுதியதில் நன்றியோடு, எந்த ஓவியம் யாருக்கு, நாய் யாருக்கு என்ற விவரமும் உண்டு!

கேள்வி: நாடாளுமன்றப் படைத் தளபதிகளில் ஒருவரான கிராம்வெல்தான் மிரட்டி ஓடவைத்தார் என்கிறார்களே?

பதில்: மன்னரின் உயிருக்கு ஆபத்து என்று கிராம்வெல் வாலியைக் கடிதம் எழுதி எச்சரித்ததும், அந்தக் கடிதத்தை வாலி மன்னரிடம் காட்டியதும் உண்மை. ஆனால், 'இன்று நீர் காட்டிய கடிதத்தால் நான் போகவில்லை' என்று வாலிக்கு எழுதிய கடிதத்தின் பின்குறிப்பில் மன்னரே எழுதியிருக்கிறார். உயிரைக் காப்பதாகச் சொல்லித் தன்னை அடைத்துவைத்துவிடுவார்களோ என்பதுதான் அவர் கவலை. சூழ்ச்சி என்பதைவிடச் சொதப்பல் என்பதே பொருத்தம். கடிதத்தில் காட்டிய கவனத்தில் பாதியைக்கூடப் பயணத்தில் காட்டவில்லை. இருட்டில் வின்ட்ஸர் காட்டில் வழி தவறியது. அடுத்துப் போகுமிடமும் உறுதியாகவில்லை. இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய வைட் தீவின் ஆளுநர் ஹேமண்டின் மனதை அறிந்துவரப் போன மன்னரின் ஆட்கள் ஆஷ்பர்னமும் பெர்க்லியும், தெளிவான வாக்குறுதி வாங்காமல் ஆளையே மன்னர் ஒளிந்திருந்த டிச்ஃபீல்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். அதன்பின் அவரோடு தீவுக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை. விருந்தாளியாகப் போன மன்னர் அங்குள்ள கேரிஸ்புரூக் கோட்டையில் மறுபடியும் கைதி.

கேள்வி: அங்கிருந்து தப்ப முயலவில்லையா?

பதில்: முயன்றார். 1648 மார்ச்சில் ஜன்னல் கம்பிகளுக்கிடையே தலை நுழைகிறது, உடலும் நுழைந்துவிடும் என்று நம்பினார். நுழையவில்லை, நடுவில் சிக்கி, பெரும்பாடுபட்டு அறைக்குள் திரும்பினார். அடுத்த முறைக்குக் கம்பியை அரிக்க அமிலம் வரவழைத்தார்கள். காவலர்களில் சிலர் ஹேமண்டிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள்.