படம் பார்க்கும் அறைக்குள் வீட்டுச் சத்தம்: ஞாயிறு கேள்வி பதில்

இருபது ஆண்டுகள் கோயில் திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் ஒலிபெருக்கி கட்டினேன். அதன் பிறகு யாழ்ப்பாணத்து வீடுகளில் ஹோம் தியேட்டர் அறை அமைப்பதே தொழிலாகிவிட்டது. எந்த ஸ்பீக்கர் வாங்கலாம் என்று இன்று கேட்க வேண்டாம். குசினிச் சத்தம், மோட்டர்ச் சத்தம், மின்விசிறிச் சத்தம் படத்துக்குள் புகாமல் இருக்க என்ன செய்யலாம் என்று, உங்கள் ஊரைச் சொல்லிக் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோண்டாவில்: அண்ணை, படம் பார்க்கும் அறைக்கு அடுத்தது குசினி. கிரைண்டர் ஓடினால் வசனம் ஒன்றும் விளங்குவதில்லை. நடுவில் ஆறங்குலக் கல்லில் இன்னொரு சுவர் எழுப்பலாம் என்கிறார் மேசன். எழுப்பலாமா?

வேண்டாம் தம்பி. சுவரை விட்டுவிட்டுக் கதவைப் பாருங்கள். கணக்கோடு சொல்கிறேன். இருபக்கமும் பூசிய சீமெந்துக்கல் சுவர் 45 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) தடுக்கிறது, உள்ளே வெறுமையான பிளைவுட் கதவு 20 டெசிபல் தடுக்கிறது என்று வையுங்கள். சுவர் 10 சதுர மீட்டர், கதவு 2 சதுர மீட்டர். இரண்டும் சேர்ந்து தடுப்பது ஏறத்தாழ 28 டெசிபல். இப்போது மேசன் சொன்னபடி செய்து சுவரை மட்டும் 60 டெசிபலுக்கு உயர்த்துங்கள். விடை அப்போதும் 28தான். சத்தம் முழுவதும் கதவால் வருகிறது. சுவரில் கொட்டுகிற காசு வீண்.

கதவிலும் முதலில் கவனிக்க வேண்டியது இடைவெளி. இரண்டு மீட்டர் உயரக் கதவின் கீழே இரண்டு சென்ரிமீட்டர் திறந்திருந்தால், அது கதவின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கு போதும்: எவ்வளவு கனமான மரமானாலும் அந்தக் கதவு 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. காற்று புகும் இடத்தால் சத்தமும் புகும். இன்றிரவு விளக்கெல்லாம் அணைத்துவிட்டு, தொலைபேசியின் விளக்கை அறைக்குள் எரியவிட்டுக் கதவைச் சாத்துங்கள். குசினிப் பக்கம் இருட்டில் நின்று எங்கே வெளிச்சம் கசிகிறது என்று பாருங்கள். அந்த இடங்களுக்கு ரப்பர் பட்டி ஒட்டுங்கள். கீழே வாசற்படி போல ஒரு மரக்கட்டையை வைத்து அதன்மேல் கதவு அமரும்படி செய்யுங்கள். வீட்டில் முதிரை மரத்தில் செய்த பழைய கதவு கிடந்தால் அதையே போடுங்கள். அந்தக் கனம் இன்று கடையில் வாங்கும் கதவில் இல்லை.

இன்னொன்று: நம் வீடுகளில் யன்னலுக்கு மேலே காற்றுக்காகப் பூக்கல் வைத்திருப்பார்கள். குசினிச் சுவரிலும் அப்படி இருந்தால் கதவைத் தொடும் முன் அதை அடைத்துவிடுங்கள்.

மானிப்பாய்: சுவர் முழுவதும் முட்டைத் தட்டு அல்லது ஸ்பொஞ்ச் ஒட்டினால் வெளிச் சத்தம் நிற்குமா?

நிற்காது. ஸ்பொஞ்ச் அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் குறைக்கும். மறுபக்கத்திலிருந்து வரும் சத்தத்தை நிறுத்தக் கனம் வேண்டும். ஸ்பொஞ்சுக்கோ முட்டைத் தட்டுக்கோ கனமே இல்லை. ஒரு தடுப்பின் கனத்தை இரட்டித்தால்கூட ஆகக் கூடியது 6 டெசிபல்தான் குறையும். காதுக்குச் சத்தம் பாதியாகத் தெரிய 10 டெசிபல் குறைய வேண்டும்.

இதை நான் ஒவ்வொரு வீட்டிலும் கெஞ்சிக் கேட்கிறேன்: மெத்தைக்குப் போடும் சாதாரண நுரையைச் சுவரில் ஒட்டாதீர்கள். 2003 இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஓர் இசைக் கூடத்தில் ஒலிக்காக ஒட்டிய நுரையில் வாணப் பொறி பட்டு 100 பேர் இறந்தார்கள். 2013 இல் பிரேசிலின் சாந்தா மரியாவில் அதே போன்ற தீயில் 242 பேர். அந்த நுரை எரிவதைவிட அதன் புகைதான் ஆளை முதலில் கொல்லும். ஒரு வாசல் மட்டுமே உள்ள, யன்னல் அடைத்த அறையில் பிள்ளைகளை இருத்திப் படம் போடுகிறீர்கள் என்பதை நினையுங்கள்.

சுன்னாகம்: கிணற்றடி மோட்டர் ஓடினால் அறை முழுவதும் ஒரு முனகல். மோட்டர் வீட்டிலிருந்து முப்பது அடி தள்ளித்தான் இருக்கிறது. எப்படி இவ்வளவு தூரம் வருகிறது?

நல்ல கேள்வி. இது காற்றால் வரவில்லை, குழாயால் வருகிறது. அடுத்த முறை மோட்டர் ஓடும்போது மேல் தாங்கிக்குப் போகும் குழாய் சுவரைத் தொடும் இடத்தில் உள்ளங்கையை வையுங்கள். கை அதிர்ந்தால் உங்கள் சுவர் முழுவதும் ஸ்பீக்கராக வேலை செய்கிறது என்று அர்த்தம். கதவுக்கு ரப்பர் போட்டாலும் யன்னலை அடைத்தாலும் இந்த முனகல் ஒரு துளி குறையாது.

உரும்பிராயில் ஒரு வீட்டில் நான் செய்ததைச் சொல்கிறேன். மோட்டரைக் கிணற்றுக் கட்டிலிருந்து கழற்றினோம். தனியாக ஒரு கொங்கிரீட் கட்டி வார்த்து, பழைய லொறி ரயரில் வெட்டிய துண்டுகளின் மேல் அந்தக் கட்டியை இருத்தி, அதில் மோட்டரைப் பூட்டினோம். மோட்டரிலிருந்து வெளியேறும் குழாயில் ஒரு முழ நீளத்துக்கு நெகிழும் ரப்பர்க் குழாய் போட்டோம். சுவரில் குழாயைப் பிடிக்கும் இரும்புப் பட்டிகளைக் கழற்றி, உள்ளே ரப்பர் சுற்றி மறுபடி பூட்டினோம். குழாய் சுவரைத் துளைக்கும் இடத்தில் சீமெந்து இறுக்கியிருந்தது. அதை உடைத்துத் துளையைப் பெரிதாக்கி, மென்மையான பொருள் அடைத்தோம். கடைசி வேலைதான் முனகலை நிறுத்தியது. ஆனால் முதல் மூன்றையும் செய்யாமல் அதை மட்டும் செய்திருந்தால் நின்றிருக்குமா என்று எனக்குச் சந்தேகம். எல்லாவற்றையும் செய்யுங்கள். அதுவரை படத்துக்கு முன்பே தாங்கியை நிரப்பிவிடுங்கள்.

கொக்குவில்: ரெஜிபோம் (தெர்மோகோல்) தகடு இரண்டு அங்குலத்தில் ஒட்டினால்?

மானிப்பாய்க்குச் சொன்னதுதான். கனமில்லை, தடுக்காது, எரியும்.

இணுவில்: மின்விசிறியை மெதுவாக்கினால் ‘ம்ம்’ என்று இரைகிறது, வேகமாக்கினால் இரைச்சல் போகிறது, ஆனால் காற்றுச் சத்தம்.

ரெகுலேட்டரை மாற்றுங்கள். சுற்றித் திருப்பும் மின்னணு ரெகுலேட்டர் மின் அலையை வெட்டி வெட்டி அனுப்புவதால் மோட்டர் முனகும். கெப்பாசிட்டர் வைத்த, படிப்படியாகத் திருப்பும் வகையை வாங்கினால் அந்த முனகல் போய்விடும்.

சாவகச்சேரி: அண்ணை, மென்மையான பொருள் ஒன்றும் தடுக்காது என்பதை ஏற்க மாட்டேன். நான் தென்னந்தும்பு வைத்துத்தான் செய்தேன். நல்ல பலன்.

எங்கே வைத்தீர்கள்? சுவரின் மேலே என்றால் எதிரொலி குறைந்ததைச் சத்தம் நின்றது என்று நினைக்கிறீர்கள்.

சாவகச்சேரி: மேலே இல்லை. பழைய சுவருக்கு நான்கு அங்குலம் தள்ளிப் புதிய சுவர் எழுப்பி, இரண்டுக்கும் நடுவில் தும்பு மெத்தையைத் தொங்கவிட்டேன்.

அப்படியென்றால் நீங்கள் சொல்வது சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். இரண்டு கனமான சுவர்கள், நடுவில் காற்று. அந்தக் காற்று வில்லுச்சுருள் போல ஒரு சுவரின் அதிர்வை மற்றதற்குக் கொடுக்கும். நடுவில் தும்பு இருந்தால் அந்தத் துள்ளல் அடங்கும். தடுப்பது இரண்டு சுவர். தும்பு அவற்றுக்குக் கைகொடுக்கிறது. ஒன்று கேட்கிறேன்: கட்டும்போது சாந்து நடுவில் விழாமல் பார்த்தீர்களா?

நெல்லியடி: குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். மாரி மழையில் அந்தத் தும்பு ஈரம் பிடிக்கும், கறையான் ஏறும். மூன்று வருடத்தில் உள்ளே மண்தான் இருக்கும்.

சாவகச்சேரி: உள்சுவர் ஐயா, மழை படாது. அடியில் தார் பூசினேன். சாந்து விழாமல் பலகை ஒன்றை நடுவில் வைத்து, ஒவ்வொரு வரிக்கும் மேலே தூக்கிக்கொண்டே போனோம்.

பலகை வைத்துத் தூக்கியது அருமையான வேலை! பெரும்பாலான இரட்டைச் சுவர்கள் கெடுவது அங்கேதான். ஒரு கை சாந்து விழுந்து இறுகி இரண்டையும் இணைத்தால் அதிர்வு அதன் வழியே நேராகப் போய்விடும். இரண்டு சுவரும் ஒரே சுவர் போல நடக்கும். நெல்லியடி ஐயாவின் பயமும் நியாயம்தான். உள்சுவரானாலும் கறையானுக்கு மருந்து அடித்துவிட்டுத்தான் தும்பு வைக்க வேண்டும்.

நெல்லியடி: எங்கள் பழைய நாற்சார் வீட்டில் சுண்ணாம்புக் கல்லில் ஒன்றரை அடிச் சுவர். தும்பும் இல்லை, ரப்பரும் இல்லை. உள்ளே இருந்தால் தெருச் சத்தமே தெரியாது.

உண்மை ஐயா, அந்தக் கனத்துக்கு ஈடில்லை. அப்படி ஓர் அறை வைத்திருப்பவர்கள் அதை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறேன் என்று வந்தால் எனக்கு மனம் பதறும். நாற்சாரில் முற்றத்துப் பக்கக் கதவையும் யன்னலையும் இறுக்கினால் வேலை முடிந்தது.

நல்லூர்: திருவிழா நாட்களில் ஒலிபெருக்கிச் சத்தத்தைத் தடுக்க?

வீட்டுச் சத்தத்தைப் பற்றி மட்டும் பேசுவோம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி போடுவதற்கு எதிராக 2007 இலேயே உயர் நீதிமன்றக் கட்டளை இருக்கிறது. அந்த நேரத்தில் என்றால் கோயில் நிர்வாகத்திடம் பேசுங்கள்.

திருநெல்வேலி: படம் ஓடாதபோதும் ஸ்பீக்கரில் இரைச்சல். ஏர்த் ஊசியைக் கழற்றினால் நிற்கும் என்று ஒருவர் சொன்னார்.

கழற்றாதீர்கள்! இரைச்சல் நிற்கும், ஆனால் பெட்டியில் மின் கசிந்தால் அது உங்கள் உடலால் நிலத்துக்கு இறங்கும். எல்லாக் கருவிகளையும் ஒரே சுவர்ச் செருகியிலிருந்து எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு தீரும்.

அளவெட்டி: ஸ்பொஞ்ச் ஒட்டினால் மோட்டர்ச் சத்தம்...

மேலே மூன்று பதில்களைப் படியுங்கள் தங்கச்சி. தயவுசெய்து ஒட்டாதீர்கள்.

கோண்டாவில்: அண்ணை, இப்போதுதான் விளக்கு வைத்துப் பார்த்தேன். கீழே வெளிச்சமே இல்லை. பூட்டுப் பக்கம் மேல் மூலையிலிருந்து ஒரு முழம் வரை விரல் அகலத்தில் வருகிறது.

கதவு கோணியிருக்கிறது தம்பி. அந்த அகலத்துக்கு ரப்பர் போட்டால் கீழ்ப்பக்கம் சாத்தாது. மேல் மூலையில் ஒரு தாழ்ப்பாள் போட்டு இழுத்துப் பூட்டிவிட்டு, மறுபடி விளக்கு வைத்துப் பாருங்கள். மீதி எவ்வளவு என்று எழுதுங்கள். ரப்பரின் தடிப்பை அதன் பிறகு சொல்கிறேன்.