தசைக்கு மேலா, உள்ளேயா, அடியிலா? பிட்ட இம்ப்ளான்ட் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: இரண்டு கிளினிக்கில் விசாரித்தேன். ஒன்றில் இம்ப்ளான்டைத் தசைக்குள் வைப்பார்களாம். இன்னொன்றில் தசைக்கு மேலே, அதன் உறைக்கு அடியில். இரண்டாவதில் 40,000 ரூபாய் குறைவு, வலியும் குறைவு என்கிறார்கள். எதற்குப் போகலாம்?
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: விலையை வைத்து முடிவு செய்யும் விஷயம் இல்லை இது. உங்கள் உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது, டாக்டருக்கு எந்த முறை கைவந்தது என்பதுதான் கணக்கு.

பிட்டத்தைப் பெரிதாக்க வைக்கும் சிலிகான் இம்ப்ளான்டுக்கு நான்கு இடங்கள் உண்டு. முதலாவது, தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு. ஆரம்ப காலத்தில் அங்கேதான் வைத்தார்கள். தோலைத் தசை உறையோடு இழுத்துப் பிடித்திருக்கும் நார்களை அறுத்தால்தான் அங்கே இடம் கிடைக்கும். நார் போனால் பிடிப்பும் போகும். இம்ப்ளான்ட் கீழே சரியும், விளிம்பு தெரியும், சுற்றிலும் வளரும் தழும்புத் திசு இறுகும். இன்று யாராவது இதைச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டாவது, தசைக்கு அடியில். அடுத்த கடிதத்தில் வருகிறது. உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

தசைக்குள் வைப்பது 1996-இல் மெக்சிகோவிலிருந்து பரவிய முறை. பிட்டத்தின் பெரிய தசையான குளூட்டியஸ் மாக்சிமஸின் தடிமனை நடுவாகப் பிளந்து பை போல இடம் செய்வார்கள். மேலே 2 முதல் 3 செ.மீ. தசை இருந்தால் விளிம்பு தெரியாது. கீழே மிச்சமிருக்கும் தசை நரம்புக்குக் காப்பு. ஆனால் தசைக்குள் இயற்கையான பிரிவு கிடையாது. அறுப்பவர் தன் கையால் ஒரே ஆழத்தைக் காத்துக்கொண்டு போக வேண்டும். மேலே ஏறிவிட்டால் அந்த இடத்தில் போர்வை மெலிந்து இம்ப்ளான்ட் புடைக்கும். கீழே இறங்கிவிட்டால் நரம்பை நெருங்கும். ரத்தக்கசிவும் வலியும் அதிகம். முதல் சில வாரம் படியேறுவதும் நாற்காலியிலிருந்து எழுவதும் சிரமம், ஏனென்றால் அந்த வேலையைச் செய்வதே இந்தத் தசைதான். தசை எவ்வளவு இடம் கொடுக்கிறதோ அதுதான் அளவு.

உறைக்கு அடியில் வைக்கும் முறையை 2004 வாக்கில் மெக்சிகோ டாக்டர்கள் முன்வைத்தார்கள். இங்கே உறையும் தசையும் இயல்பாகவே பிரிந்து வரும். கசிவு குறைவு, வலி குறைவு. அது பொய் இல்லை. இம்ப்ளான்டை இன்னும் கீழேயும் அகலமாகவும் வைக்கலாம். ஆனால் அதற்கு மேலே இருப்பது சவ்வு போன்ற அந்த உறையும் உங்கள் கொழுப்பும் மட்டும். ஒல்லியான உடம்பில் விளிம்பு கைக்குத் தட்டுப்படும், சில சமயம் கண்ணுக்கும் தெரியும். நீர் கோர்ப்பதும் உண்டு. ஆகவே, பிட்டத்தின் மேல்பாதியைக் கிள்ளிப் பார்க்கும்போது நல்ல தடிமனாகக் கொழுப்பு வந்தால் உறைக்கு அடியில் யோசிக்கலாம். தோல்தான் வருகிறது என்றால் தசைக்குள்.

இரண்டு கிளினிக்கிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "நீங்கள் வழக்கமாகச் செய்வது எந்த முறை? ஒரு வருடம் கழித்து எடுத்த படங்கள், பின்னாலிருந்தும் பக்கவாட்டிலும், காட்ட முடியுமா?" மூன்றாம் வாரப் படம் வீக்கத்தின் படம். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கேள்வி: மார்பகத்தில் தசைக்கு அடியில் வைப்பதுதான் நல்லது என்று படித்தேன். பிட்டத்திலும் அடியில் வைக்கச் சொல்லலாமா?
– எஸ்., பெங்களூரு

பதில்: கூடாது. பெரிய தசைக்கு நேர் அடியில்தான் சயாட்டிக் நரம்பு, இடுப்புக்குள்ளிருந்து வெளியே வந்து காலுக்கு இறங்குகிறது. பிரிஃபார்மிஸ் என்ற சின்னத் தசையின் கீழ்விளிம்பில் அது வெளிப்படும். 1984-இல் அர்ஜென்டினாவிலிருந்து வந்த இந்த முறையில், இம்ப்ளான்ட் அந்த விளிம்பைத் தாண்டிக் கீழே போகக் கூடாது. எனவே சின்ன அளவுதான் வைக்க முடியும், அதுவும் மேலே தூக்கலாக நிற்கும். கீழே பழைய பிட்டம் தொங்க, மேலே ஒரு மேடு தனியாகத் தெரியும். அளவை மீறினால் நரம்பு அழுந்தி, கால் மரத்துப்போகலாம், பலவீனமாகலாம். மார்பகத்தில் படித்ததை இங்கே கொண்டுவராதீர்கள்.

கேள்வி: என் எடை 48 கிலோ. 450 சிசி வேண்டும் என்று சொல்லிவிட்டேன். தசைக்குள் வைத்துவிடுவார்களா?
– மதுரை

பதில்: சிசி, அதாவது கொள்ளளவு, சொல்லிக் கேட்டு வாங்கும் பொருள் இல்லை இது. இடுப்பெலும்பின் அகலத்தையும் தசையின் உயரத்தையும் டாக்டர் டேப் வைத்து அளந்து, அதற்குள் அடிப்பாகம் அடங்கும் இம்ப்ளான்டைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 48 கிலோ உடம்பின் தசைக்குள் 450-ஐத் திணித்தால் தசை விரிந்து கிழியும், தையல் இழுபடும், காயம் திறக்கும். கேட்டவுடன் "சரி" என்ற டாக்டரிடமிருந்து விலகுங்கள்.

கேள்வி: உருண்டையா, நீள்வட்டமா?
– வாசகி, திருச்சி

பதில்: உருண்டை உள்ளே சுழன்றாலும் வடிவம் மாறாது. நீள்வட்டம் சுழன்றால் ஒரு பக்கம் கோணலாகத் தெரியும். உயரமான, குறுகலான பிட்டத்துக்கு நீள்வட்டம் பொருந்தும். அப்போது இடத்தை இம்மியும் பெரிதாக்காமல் அறுக்கும் கை வேண்டும்.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் பார்த்து, பேக்கேஜ் 3.5 லட்சம் என்று 1 லட்சம் அட்வான்ஸ் கட்டிவிட்டேன். யார் ஆபரேஷன் செய்வார் என்று கேட்டால் "எங்கள் டீம்" என்கிறார்கள். பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், ஓசூர்

பதில்: பயம் பணம் கட்டும் முன் வந்திருக்க வேண்டும். டாக்டரின் பெயர் தெரியாமல் ஒரு லட்சம் கட்டுவது எப்படித்தான் முடிகிறதோ, எனக்குக் கோபமாகவே வருகிறது. இன்றே மெயில் போடுங்கள். அறுப்பவர் பெயர், மருத்துவ கவுன்சில் பதிவு எண், பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டிஎன்பி பட்டம் உண்டா, மயக்க மருந்து கொடுப்பவர் யார், எந்த ஆஸ்பத்திரித் தியேட்டர், எந்த இடத்தில் இம்ப்ளான்ட், எந்தக் கம்பெனி. பதில் வராவிட்டால் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு எழுதுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பேக்கேஜில் 18% ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். அழகுக்கான அறுவைக்கு வரிவிலக்கு இல்லை.

கேள்வி: மருத்துவக் காப்பீட்டில் வருமா?
– கே.எம்., சேலம்

பதில்: அழகுக்காகச் செய்தால் வராது.

கேள்வி: மூன்றாம் வாரத்தில் தையல் விட்டு, நீர் வழிந்தது. கிளினிக்கில் "நீங்கள் உட்கார்ந்ததால் வந்தது, எங்கள் பொறுப்பில்லை" என்கிறார்கள். கையில் ரசீது மட்டும்தான். எந்த இடத்தில் வைத்தார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: அம்மா, முதலில் உடம்பு. காய்ச்சல், நாற்றம், சிவப்பு, இம்ப்ளான்ட் கண்ணுக்குத் தெரிவது – இதில் ஒன்று இருந்தாலும் இன்றே ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பாருங்கள். பழைய கிளினிக்காக இருக்க வேண்டியதில்லை. சின்னத் திறப்பு கட்டுப் போட்டே ஆறும். சீழ் உள்ளே போயிருந்தால் இம்ப்ளான்டை எடுத்துவிட்டுச் சில மாதம் ஆறவிடுவார்கள். எடுக்கத் தயங்காதீர்கள்.

பழியை நீங்கள் சுமக்க வேண்டாம். பிட்டப் பிளவில் போடும் தையல் விடுவது இந்த ஆபரேஷனின் மிகச் சாதாரணமான சிக்கல். 2016-இல் வெளியான ஒரு மருத்துவத் தொகுப்பாய்வில், சிலிகான் இம்ப்ளான்ட் வைத்த 2,375 பேரில் 9.6% பேருக்கு இது நேர்ந்தது. நீர் கோர்த்தது 4.6% பேருக்கு. காரணம் பல: தோல் எலும்பின் மேல் நேராகப் படிந்த இடம், ஈரம், ஆசனவாய் பக்கத்தில், இம்ப்ளான்டின் இழுப்பு. சர்க்கரையும் புகையும் சேர்ந்தால் இன்னும் மோசம். உட்காருவதும் ஒரு காரணம்தான். அப்படியானால் முதல் இரண்டு வாரம் குப்புறப் படுக்க வேண்டும், உட்காரக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்களா? கொடுக்கவில்லை என்றால் அந்த வாதம் அவர்களுக்கு எதிராகவே திரும்பும்.

இனி காகிதம். இதைப் பல வருடமாகச் சொல்கிறேன், யாரும் காதில் வாங்குவதில்லை. ஒவ்வொரு இம்ப்ளான்ட் டப்பாவிலும் கம்பெனி பெயர், மாடல், அளவு, லாட் எண் அல்லது சீரியல் எண் அச்சிட்ட ஒட்டும் சீட்டுகள் வருகின்றன. ஒன்று ஆஸ்பத்திரி ஃபைலுக்கு, ஒன்று நோயாளிக்கு. ஆறு மாதத்தில் மோட்டார் எரிந்துபோன என் மிக்ஸிக்குக்கூட சீரியல் எண் போட்ட வாரண்டி அட்டை இருந்தது. உடம்புக்குள் பல வருடம் இருக்கப்போகும் பொருளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுக்க மாட்டேன் என்பது அநியாயம். 2010-இல் பிரான்சின் பிஐபி கம்பெனி மார்பக இம்ப்ளான்டில் தொழிற்சாலைச் சிலிகானை நிரப்பியது அம்பலமானபோது, தன் உடம்பில் இருப்பது அந்தக் கம்பெனியுடையதா என்று தெரிந்துகொள்ளக் காகிதம்தான் வழி. மார்பகத்துக்கென்று செய்த இம்ப்ளான்டைப் பிட்டத்தில் வைத்துவிட்டால், அதையும் அந்தச் சீட்டுதான் காட்டிக்கொடுக்கும். உட்காரும் எடையைத் தாங்க அது செய்யப்பட்டதே இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: ஆபரேஷன் குறிப்பு, ஒப்புதல் படிவம், இம்ப்ளான்ட் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றின் நகலையும் கேட்டுப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எந்த இடத்தில் வைத்தார்கள் என்பது ஆபரேஷன் குறிப்பில் இருக்கும். இல்லாவிட்டால் எம்ஆர்ஐ காட்டும். காயத்தைத் தினமும் தேதியோடு படம் எடுங்கள். இப்போது பார்க்கும் டாக்டரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். காசு வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம்; கிளினிக்குக்குக் கட்டியது 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: இம்ப்ளான்டுக்குப் பதில் சொந்தக் கொழுப்பையே எடுத்து வைத்தால் ஆபத்தே இல்லையாமே?
– ஆர்.ஜே., சிங்கப்பூர்

பதில்: தவறு. தசைக்குள் செலுத்திய கொழுப்பு அங்குள்ள பெரிய ரத்த நாளங்கள் வழியாக இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போய்ப் பலர் இறந்திருக்கிறார்கள். 2018-இல் பிளாஸ்டிக் சர்ஜன்களின் சங்கங்கள் சேர்ந்து, தோலுக்கு அடியில் மட்டுமே செலுத்த வேண்டும், தசைக்குள் கூடாது என்று எச்சரித்தன. கவனியுங்கள்: இம்ப்ளான்டுக்கு ஏற்ற தசை கொழுப்புக்கு ஆகாத இடம்; இம்ப்ளான்டுக்கு ஆகாத தோலடிதான் கொழுப்புக்குச் சரியான இடம். ஊசி முனை எங்கே இருக்கிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே செய்பவரைத் தேடுங்கள்.

கேள்வி: பார்லரில் சிலிகான் ஊசி 25,000-க்குப் போடுகிறார்கள்.
– பெயர் இல்லை

பதில்: போடாதீர்கள். திரவச் சிலிகான் ரத்தத்தில் கலந்தால் உயிரே போகலாம். கலக்காவிட்டாலும் கட்டிகட்டியாகப் பரவும், முழுதாக எடுக்கவே முடியாது.

கேள்வி: போன வருடம் தசைக்குள் இம்ப்ளான்ட் வைத்தேன், நன்றாக இருக்கிறது. காய்ச்சலுக்கு ஊருக்குப் போனால் நர்ஸ் இடுப்பில் ஊசி போட வருகிறார். போடலாமா?
– தேனி

பதில்: இனி ஆயுளுக்கும் பிட்டத்தில் ஊசி கூடாது. மருந்து தசைக்குப் பதில் இம்ப்ளான்டைச் சுற்றி இறங்கும். கிருமியும் கூடவே போகும். கையில் அல்லது தொடையின் வெளிப்பக்கத்தில் போடச் சொல்லுங்கள். கூச்சப்பட்டு மறைக்காமல், வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். மயக்கமாக இருக்கும்போது உங்களுக்காகச் சொல்ல ஆள் வேண்டும்.