அரிக்கமேடு: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: சார், புதுச்சேரி பக்கத்தில் இருக்கும் அரிக்கமேடு ரோமர்கள் உருவாக்கிய ஊர் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. 1945-இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது, இத்தாலியின் அரெஸ்ஸோவில் செய்த செந்நிறத் தட்டுகளின் உடைசல்கள் கிடைத்தன. அதன் காலம் தெரியும் என்பதால் மற்ற அடுக்குகளுக்கும் காலம் கணிக்க முடிந்தது. அது பெரிய வேலை. ஆனால் அதற்கு முன்பு அங்கே இருந்தது வெறும் மீனவர் குப்பம் என்று அவர் நினைத்துவிட்டார். 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லி மறுபடி தோண்டியபோது, ரோமச் சரக்கு வந்திறங்கும் முன்பே ஊர் நன்றாக இயங்கியது தெரிந்தது. தமிழ் பிராமி என்ற பழைய எழுத்தில் எழுதிய பானை ஓடுகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. ஊர் நம்மவர்களுடையது, கப்பல்தான் அவர்களுடையது என்று நான் அடித்துச் சொல்வேன்.

கேள்வி: உள்பக்கம் வட்ட வட்டமாகப் புள்ளி போட்ட ரௌலட்டட் தட்டுகள்?

அவையும் இந்தியாவிலேயே செய்தவை. மண்ணைச் சோதித்துப் பார்த்தே சொன்னார்கள். முன்பு சொன்ன அரெஸ்ஸோ தட்டுகளும், மதுவும் ஆலிவ் எண்ணெயும் வந்த ஆம்போரா சாடிகளும்தான் வெளியூர்ச் சரக்கு.

கேள்வி: அண்ணா, அங்கே பாசிமணி செய்தார்களாமே, எப்படி?

எனக்குப் பிடித்த கேள்வி! உருக்கிய கண்ணாடிக் குழம்பை நடுவில் துளை இருக்கும்படி நீளமாக இழுப்பார்கள். மெல்லிய குழாய் கிடைக்கும். ஆறியதும் சிறு துண்டுகளாக நறுக்கி, மறுபடி சூடேற்றினால் கூர்விளிம்பு மழுங்கி உருண்டுவிடும். அப்படிச் செய்த மணியை லென்ஸ் வைத்துப் பாருங்கள்: உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகள் துளையின் போக்கிலேயே நீண்டிருக்கும். இழுத்த கையின் தடம் அது. இந்த வகை மணிகள் தென்கிழக்காசியா வரை போயிருக்கின்றன. மது வாங்கிய ஊர் என்று மட்டும் எழுதுகிறவர்கள் இந்தப் பட்டறைகளை மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

கேள்வி: பழைய பெயர் என்ன?

பெரிப்ளஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பில் வரும் ‘பொதுகே’ இதுதான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கேள்வி: அடுத்த வாரம் போகிறோம். என்ன பார்க்கலாம்?

முதலில் புதுச்சேரி அருங்காட்சியகம் போங்கள், அகழ்வில் கிடைத்த பொருட்கள் அங்கே இருக்கின்றன. அப்புறம் அரியாங்குப்பம் ஆற்றங்கரை. அங்கே நிற்கிற செங்கல் சுவர்களை ரோமர் கட்டடம் என்று நினைத்துப் படம் எடுக்காதீர்கள். அது 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய மடம். தரையில் கிடக்கும் பானை ஓடுகளை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளவும் வேண்டாம்.