வீட்டிலேயே எஞ்சின் பாகம் மாட்டுகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அண்ணா, ஆயில் மாற்றியதைத் தவிர எனக்கு அனுபவம் இல்லை. ஆஃப்டர்மார்க்கெட் பாகம் (வண்டி கம்பெனி அல்லாத வேறு நிறுவனத்தின் பாகம்) ஒன்றை நானே மாட்ட ஆசை. எதில் தொடங்கலாம்?

ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக். இந்த இரண்டில் தொடங்குங்கள் தம்பி. ஆனால் பாகத்துக்கு முன்னால், எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கிவிடுங்கள். வீட்டில் நடக்கும் வேலை பெரும்பாலும் கெடுவது பாகத்தால் அல்ல, தவறான அளவில் இறுக்கியதால்தான். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மின் இணைப்பைத் தொடும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். வண்டிக்கு அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கை மட்டும் நம்பிப் போகவே கூடாது. ஜாக் ஸ்டாண்ட் வைத்து, வண்டியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: இரிடியம் பிளக் வாங்கியிருக்கிறேன். எவ்வளவு இறுக்குவது? மரையில் கிரீஸ் மாதிரி ஏதாவது தடவலாமா?

எஞ்சின் ஆறிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். பிளக் உட்காரும் சிலிண்டர் ஹெட் (எஞ்சினின் மேல்பகுதி) அலுமினியம், சூட்டில் கழற்றினால் மரை பிய்ந்து வரலாம். கழற்றும் முன் பிளக் குழியில் காற்றடித்து மண்ணை வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள்தான் விழும்.

புது பிளக்கின் தலையில் ஒரு ரப்பர் ஹோஸ் துண்டைச் செருகி, அதை விரலால் சுற்றி இறக்குங்கள். மரை பிசகினால் ஹோஸ் வழுக்கிவிடும், ரெஞ்ச் வழுக்காது. அது மரையை அறுத்துக்கொண்டே உள்ளே போகும். தொடக்க காலத்தில் நான் அவசரப்பட்டு ரெஞ்சிலேயே ஏற்றினேன். கடைசியில் ஹெட்டையே இறக்கி, அறுந்த மரைக்குப் பதிலாக இன்செர்ட் என்ற புது மரைத் துண்டு போட வேண்டியதாகிவிட்டது. ஒரு நிமிட வேலையை மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு நாள் போனது.

வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் பிளக் என்றால் அலுமினிய ஹெட்டில் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். மேனுவலில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இப்போது வரும் பிளக்குகளின் மரையில் பூச்சு இருப்பதால் எதுவும் தடவத் தேவையில்லை. தடவினால் மரை வழுவழுப்பாகி, ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டினாலும் பிளக் கூடுதலாக இறுகிவிடும். இரிடியம் முனை மிக மெல்லியது, அதை நெம்பி இடைவெளி சரிசெய்யவும் வேண்டாம்.

கேள்வி: கோன் ஃபில்டர் (கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்) மாட்டினேன். மறுநாளிலிருந்து ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை அழுத்தாதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்குகிறது, செக் எஞ்சின் விளக்கும் எரிகிறது. ஸ்கேனரில் பி0171 என்ற பிழைக் குறியீடு வருகிறது. ஃபில்டர் மோசமா?

ஃபில்டரைச் சந்தேகிக்கும் முன் நீங்கள் கடைசியாகக் கை வைத்த இடங்களைப் பாருங்கள். பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாருக்குப் பிறகு எங்கோ அளக்கப்படாத காற்று நுழைகிறது. ஐடிலிங்கில் எஞ்சின் இழுக்கும் மொத்தக் காற்றே கொஞ்சம்தான், அதனால் சின்ன ஓட்டைகூட அப்போதுதான் பெரிதாகத் தெரியும். கிளாம்ப், ரப்பர் பைப்பின் மடிப்புகள், நீங்கள் கழற்றி மாட்டிய சின்ன வேக்கம் ஹோஸ் (எஞ்சினின் உறிஞ்சு விசை போகும் குழாய்), சென்சார் கனெக்டர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள்.

எண்ணெய் பூசும் வகை ஃபில்டராக இருந்தால், அதிகப்படி எண்ணெய் சென்சாரின் சூட்டுக் கம்பியில் படிந்திருக்கலாம். அதற்கென்றே விற்கும் ஸ்பிரே மட்டும் அடியுங்கள். துணி, பிரஷ், விரல் எதுவும் படக் கூடாது.

கேள்வி: கோன் ஃபில்டரால் பவர் கூடுமா?

சத்தம் நிச்சயம் கூடும். பானெட்டுக்குள் திறந்தபடி இருந்தால் அது சூடான காற்றைத்தான் இழுக்கும், பவர் குறையக்கூட வாய்ப்பு உண்டு.

கேள்வி: கேஸ்கட் (இரு பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) வாங்காமல் சிலிகான் சீலன்ட்டைத் தாராளமாகப் பூசி ஒட்டிவிடலாமா?

வேண்டாம். கேஸ்கட் கேட்கும் இடத்தில் கேஸ்கட்தான். உள்பக்கம் பிதுங்கும் சீலன்ட் உடைந்து ஆயில் பம்ப்பின் வலையை அடைத்தால், ஆயில் கிடைக்காமல் பேரிங் போய்விடும்.

கேள்வி: டைமிங் பெல்ட் (பிஸ்டனும் வால்வும் ஒத்திசைந்து இயங்க வைக்கும் பெல்ட்) மாற்றி முடித்துவிட்டேன். சாவியைத் திருப்பலாமா?

கொஞ்சம் பொறுங்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க்ஷாஃப்டை (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டை) ஸ்பேனரால் அது ஓடும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது கெட்டியாகத் தட்டினால் அத்தோடு நிறுத்துங்கள், மீறித் தள்ளாதீர்கள். பல எஞ்சின்களில் டைமிங் தப்பினால் பிஸ்டன் வால்வில் மோதும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது மோதினால் வால்வு வளையும், உங்கள் கை சுற்றும்போது மோதினால் அங்கேயே நின்றுவிடும். சுற்றி முடித்ததும் புல்லிகளில் உள்ள டைமிங் குறிகள் எல்லாம் நேராக வருகின்றனவா என்று மறுபடி பாருங்கள்.

கேள்வி: டர்போ கிட் (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் பாகங்கள்) வீட்டில் மாட்ட முடியுமா?

மாட்டலாம், ஆனால் மாட்டியவுடன் ஓட்டாதீர்கள். கூடுதல் காற்று போனால் அதற்கேற்ற பெட்ரோலும் போக வேண்டும், பொறி விழும் நேரமும் மாற வேண்டும். ஈசியூவை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியை) ட்யூனிங் செய்யாமல் ஆக்சிலரேட்டரை அழுத்தினால், எஞ்சின் நாக் அடித்து (கலவை தாறுமாறாக வெடித்து) பிஸ்டனே உடையலாம். ட்யூன் செய்பவரிடம் பேசிவிட்டு, அப்புறம் கிட்டை வாங்குங்கள்.

கேள்வி: டீசல் வண்டி. புது இன்ஜெக்டரில் ஏர் எடுக்க (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற), எஞ்சின் ஓடும்போது பைப் நட்டைத் தளர்த்தலாமா?

கூடவே கூடாது. அது பழைய டீசல் எஞ்சின் காலத்துப் பழக்கம். இன்றைய காமன் ரெயிலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் தரும் உயர் அழுத்தக் குழாயில்) அழுத்தம் 1,600 பாருக்கும் மேல் போகும். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய அளவுக்குத்தான் தெரியும், ஆனால் கையையே இழக்க நேரலாம். யாருக்காவது அப்படிப் பட்டால், வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போய், டீசல் உள்ளே போயிருக்கிறது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.