பாக்டீரியா தொற்றுகளுக்குக் கொடுக்கப்படும் ஆன்டிபயாடிக்கான டாக்ஸிசைக்ளின் மாத்திரை சாப்பிடும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

முதல் கவனம் விழுங்கும் விதத்தில் வேண்டும். இந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே கரைந்து புண்ணாக்கிவிடும். அப்புறம் எச்சில் விழுங்கினால்கூட வலிக்கும். அதனால் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு, நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்குங்கள். அடுத்த அரை மணி நேரமாவது படுக்காதீர்கள். படுக்கப் போகும் நேரத்தில் போட்டுக்கொள்வது எனக்குச் சரியாகவே படவில்லை.

வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டோடு எடுக்கலாம். ஆனால் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் அமிலத்தைத் தணிக்கும் மருந்துகளும் இதை உடலில் சேரவிடாமல் தடுக்கும். இரண்டு மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள்.

வெயிலில் தோல் வழக்கத்தைவிடச் சீக்கிரம் சிவந்து எரியும். உடலை மூடும் உடை அவசியம்.

கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் பொதுவாக இதைத் தவிர்ப்பார்கள். வளரும் பற்களில் நிரந்தரக் கறை படியலாம் என்பது ஒரு காரணம். சில கடுமையான தொற்றுகளுக்கு மருத்துவரே யோசித்துக் கொடுப்பார், அது வேறு.

லேசான குமட்டல், வயிற்றுப்போக்கு சாதாரணமாக வருவதுதான். ஆனால் பார்வை மங்கலோடு கடும் தலைவலி, முகவீக்கம், மூச்சுத்திணறல், மலத்தில் ரத்தம் என எது வந்தாலும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.