கபிலரை யாருக்கு அனுப்புவது?

அன்புள்ள ஐயா,

பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்து அப்படியே விட்ட கபிலரை, இருபது வருடம் கழித்துப் போன மாதம் மறுபடி எடுத்தேன். கீழே வைக்க மனமில்லை. தினம் ஒரு பாட்டு, கூடவே பொழிப்புரை என்று நண்பர்களின் வாட்ஸப் குழுவில் போட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிடித்த கவிதையை எப்படித்தான் பகிர்வது?

க.

அன்புள்ள க.,

கபிலரிடம் நீங்கள் திரும்பி வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். குழுவை விடுங்கள். பொழிப்புரை பக்கத்திலேயே இருந்தால் கண் நேராக அங்கேதான் போகும், பாட்டு அநாதையாக நிற்கும்.

குறுந்தொகை 25ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தே அடி. 'யாரும் இல்லை, தானே கள்வன்' என்று தலைவி ஆரம்பிக்கிறாள். அவன் என்னோடு கூடிய அன்று வேறு யாரும் இல்லை, அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள். அதோடு முடித்திருக்கலாம். அப்புறம்தான், ஏதோ ஞாபகம் வந்தது போல, ஒரு குருகு இருந்தது என்கிறாள்: தினைத்தாள் மாதிரி சிறிய பசுங்கால், ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்தபடி நிற்கிறது. இருந்த ஒரே சாட்சிக்கும் கண் மீன் மேல்! எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு நெஞ்சு கனத்துவிடும்.

சரி, அந்த நேரத்தில் பறவையின் கால் எப்படி அவளுக்கு அவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது? இந்தக் கேள்வியையும் பாட்டையும் மட்டும் ஒரு தோழிக்கு அனுப்பினேன், உரை எதுவும் இல்லாமல். இரவே அழைத்தாள். "தலையைக் குனிந்திருப்பாள், அதான் கால் மட்டும் தெரிந்திருக்கு" என்றாள். எத்தனையோ வருடமாகப் படிக்கிறேன், எனக்கு இது தோன்றவே இல்லை.

கபிலரும் இப்படிச் செய்தவர்தான். 261 அடி குறிஞ்சிப்பாட்டை ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிக்கப் பாடினார் என்று பழைய குறிப்பு சொல்கிறது. தமிழ் என்றால் என்ன என்று ஒரே ஒருவனுக்குக் காட்ட அவர் எடுத்தது ஒரு பெண்ணின் காதல் கதை, நடுவே மூச்சு விடாமல் பூக்களின் பெயர்கள்.

கடிதம் எழுதும்போது உங்கள் மனதில் யார் முகம் வந்ததோ, அவருக்கு மட்டும் 25ஐ அனுப்புங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.